மின்தடைக்குப் பின் எழாத கணுக்கள்: நெற்வேர்க் பூட், ஐபிஎக்ஸ்இ, கோர்பூட் பற்றி ஒரு கேள்வி

அக்கராயன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் மாணவர்களுக்கான ஒரு சிறிய கணினிக் கூடத்தில், கொழும்பிலிருந்து இரண்டாங் கையாக வாங்கிய 16 அலுவலக மேசைக்கணினிகளை ஒரு ஜிகாபிற் சுவிச்சில் இணைத்து, ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் கொத்தணியாக இயக்கி வருகிறோம். 2018 மார்கழி வெள்ளத்தைப் போன்ற ஒரு வெள்ளம் மீண்டும் வந்தால் நீர் எந்தத் தாழ்நிலங்களில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கணித்துப் பார்க்கும் மாணவர் செயற்றிட்டம் ஒன்றே இப்போது அதில் பெரும்பாலும் ஓடுகிறது. கணுக்கள் எனப்படும் இக்கணினிகள் எவற்றிலும் வன்தட்டு இல்லை. தலைமைக் கணினியே டிஎச்சிபி நெறிமுறை வழியாக வலையமைப்பு முகவரியையும், ரீஎஃப்ரீபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை வழியாக இயங்குதளத்தின் மையமான கேர்னலையும் ஏறத்தாழ 80 மெகாபைற் அளவுள்ள தொடக்க வட்டுக் கோப்பையும் வழங்குகிறது.

ஐப்பசியில் இடிமழை தொடங்கிவிட்டால் இங்கு மின்சாரம் நின்று நின்றுதான் வரும். தலைமைக் கணினிக்கு மட்டும் ஒரு யூபிஎஸ் உண்டு. நீண்ட தடையில் அதுவும் அணைந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கணினிகளும் ஒரே கணத்தில் உயிர்பெறுகின்றன. ஆனால் ஐந்தாறு கணுக்கள் மட்டுமே கொத்தணியில் வந்து சேர்கின்றன. மற்றவற்றின் திரையில், வலையமைப்பு வழியாகப் பூட் செய்யும் பிஎக்ஸ்இ முறையின் பிழைச்செய்தியாக, பிஎக்ஸ்இ-இ51 என்றோ பிஎக்ஸ்இ-இ32 என்றோ ஒரு வரி இருக்கும். அதன் கீழே, பூட் செய்யத்தக்க வட்டைப் போட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்துமாறு கேட்கும் செய்தி இருக்கும். ஒரு திரையையும் விசைப்பலகையையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கணுவாகச் சென்று அழுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இணையத்தில் தேடியபோது ஐபிஎக்ஸ்இ, கோர்பூட், லினக்ஸ்பூட் ஆகிய மூன்று பெயர்களும் திரும்பத் திரும்ப வந்தன. மதர்போட்டின் சிப்பில் தயாரிப்பாளர் எழுதிவைத்த தொடக்க நிரலான நிலைப்பொருளை நீக்கிவிட்டு இவற்றுள் ஒன்றை எழுதினால் இந்தச் சிக்கல் தீருமா, தீருமானால் எதைத் தெரிவு செய்வது, மதர்போட் ஒன்று செத்துப்போகும் ஆபத்து எவ்வளவு என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

செட்டிகுளம் எழுதியது:

வணக்கம் ஐயா. நிலைப்பொருளைத் தொடுவதற்கு முன்னர், உங்கள் திரையில் தெரியும் அந்த இரண்டு வரிகளும் வெவ்வேறு இடங்களைச் சுட்டுகின்றன என்பதைக் கவனியுங்கள். இ51 என்றால் டிஎச்சிபிக் கோரிக்கைக்கு எவரும் பதில் தரவில்லை என்று பொருள். இ32 என்றால் முகவரி கிடைத்துவிட்டது, ஆனால் ரீஎஃப்ரீபியில் கோப்பைத் திறக்கக் கேட்டபோது பதில் வரவில்லை என்று பொருள். முன்னது வந்த கணுக்கள் ஆட்கள் வருமுன்னரே கதவைத் தட்டிவிட்டுப் போனவை. பின்னது வந்தவை உள்ளே ஒருவர் மட்டும் எழும்பியிருந்த நேரத்தில் வந்தவை.

1999இல் வெளிவந்த பிஎக்ஸ்இ 2.1 விவரக்குறிப்பின்படி, டிஎச்சிபிக் கோரிக்கைக்குப் பதில் வராவிட்டால் கணு 4, 8, 16, 32 வினாடிகள் என்று காத்திருந்து மொத்தம் ஒரு நிமிடத்தில் முயற்சியைக் கைவிடும். பல தயாரிப்பாளர்கள் அந்த ஒரு நிமிடத்தையும் சுருக்கி வைத்திருக்கிறார்கள். மறுபுறத்தில், முகாமை வசதியுள்ள சுவிச் ஒன்று மின்சாரம் வந்தபின் தானே எழும்புவதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடும். எழும்பிய பின்னரும், இணைப்புகள் வட்டமாகிவிடாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இயங்குமானால், அதன் பழைய முறையில், ஒவ்வொரு துளையும் 15 வினாடி கேட்டுக்கொண்டும் இன்னொரு 15 வினாடி கற்றுக்கொண்டும் இருந்துவிட்டே பொதிகளைக் கடத்தத் தொடங்கும். தலைமைக் கணினியும் அணைந்திருந்தால் அது கோப்புமுறையைச் சரிபார்த்து முடித்துச் சேவைகளைத் தொடக்கும் நேரத்தையும் இதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். கணுக்களோ அதற்குள் கேட்டு முடித்து, வன்தட்டைத் தேடி, அதுவும் இல்லாமல், விசையை அழுத்தச் சொல்லி நின்றுவிடுகின்றன. ஆகவே சுவிச்சின் கணுத் துளைகள் அனைத்தையும் அந்தக் காத்திருப்பு இல்லாத எட்ஜ் துளைகளாக, சில தயாரிப்புகளில் போர்ட்ஃபாஸ்ட் என்று அழைக்கப்படும் அமைப்புக்கு, மாற்றுங்கள். சுவிச்சையும் தலைமைக் கணினியுடன் சேர்த்து அதே யூபிஎஸ்ஸில் செருகுங்கள். காசு செலவில்லாத இந்த இரண்டு மாற்றங்களே, குறுகிய தடைகளின் பின்னர் எழாமல் நிற்கும் கணுக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை எழுப்பிவிடும் என்பது என் எதிர்பார்ப்பு.

அடுத்து ரீஎஃப்ரீபி. அந்த நெறிமுறை ஒரு துண்டை அனுப்பி, அதற்கு ஒப்புதல் வந்த பின்னரே அடுத்த துண்டை அனுப்பும். துண்டின் வழக்கமான அளவு 512 பைற். எனவே 80 மெகாபைற் கோப்பு 1,63,840 துண்டுகளாகப் போய், அத்தனைக்கும் தனித்தனியாக ஒப்புதல் வந்தாக வேண்டும்; ஒரு பொதி தொலைந்தாலும் நேரம் கடக்கும்வரை இரு பக்கமும் சும்மா நிற்கும். துண்டின் தொடர் இலக்கம் 16 பிற் என்பதால் 32 மெகாபைற்றைத் தாண்டினால் இலக்கம் மீண்டும் தொடக்கத்திலிருந்து சுற்றும், அதைச் சரியாகக் கையாளாத பழைய ரொம்களும் (வலையமைப்பு அட்டைக்கான பூட் நிரல்களும்) உள்ளன. துண்டின் அளவை 1468 ஆகப் பேசிக்கொண்டால் எண்ணிக்கை ஏறத்தாழ 57,000 ஆகக் குறையும்; ஆனாலும் ஒன்றனுப்பி ஒன்று காத்திருக்கும் பழக்கம் மாறாது.

இங்கே அலைவரிசையைக் குறை சொல்லிப் பயனில்லை. 16 கணுக்களுக்கு 80 மெகாபைற் வீதம் கொடுத்தாலும் மொத்தம் 1,280 மெகாபைற்றுத்தான். ஜிகாபிற் இணைப்பொன்று அதைப் பன்னிரண்டு வினாடி அளவில் கடத்திவிடும். அதனால் பெரிய சுவிச் வாங்குமாறு எவராவது சொன்னால் கேட்காதீர்கள். ரீஎஃப்ரீபி வழியாக ஐபிஎக்ஸ்இ என்ற சிறிய நிரலை மட்டும் கொடுத்துவிட்டு, கேர்னலையும் தொடக்க வட்டையும் அந்த ஐபிஎக்ஸ்இயே ஒவ்வொரு துண்டுக்கும் நின்று காத்திராத எச்ரீரீபி வழியாக எடுக்கும்படி அமையுங்கள். டிஎச்சிபிச் சேவையகம், கேட்பது தயாரிப்பாளரின் ரொமா ஐபிஎக்ஸ்இயா என்பதை 175ஆம் இலக்கத் தெரிவைக் கொண்டு இனங்காண வேண்டும். அவ்வாறு பிரிக்காவிட்டால் ஐபிஎக்ஸ்இ தன்னையே மீண்டும் மீண்டும் பதிவிறக்கிக்கொண்டு வட்டமடிக்கும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎச்சிபிச் சேவையக மென்பொருளைப் பயன்படுத்துவீர்களானால் இதற்குச் சில வரிகள் போதும்.

---

தண்ணீரூற்று எழுதியது:

செட்டிகுளம் அண்ணா சொன்ன காரணங்கள் அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தீர்வில் ஓர் ஓட்டை மிஞ்சுகிறது. ஐபிஎக்ஸ்இ எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும், அதைக் கொண்டுவந்து தரவேண்டியது தயாரிப்பாளரின் அதே பொறுமையற்ற ரொம்தான். அந்த ரொம் முதற்கட்டத்திலேயே கைவிட்டுவிட்டால் ஐபிஎக்ஸ்இக்கு வேலையே வராது. ஆகவே விடாமல் முயலும் நிரல் வலையமைப்பின் மறுமுனையில் இல்லாமல் கணுவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இந்தத் தேவையிலிருந்துதான் கோர்பூட்டே பிறந்தது. அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்தில் 1999இல் ரொன் மின்னிச் லினக்ஸ்பயோஸ் என்ற பெயரில் அதனைத் தொடங்கியபோது, அங்கிருந்த கொத்தணிகளின் கணுக்கள் சாதாரண கணினிகளுக்குரிய பயோஸ் என்ற நிலைப்பொருளுடனேயே வந்தன. விசைப்பலகை இல்லை என்று முறையிட்டு, விசையை அழுத்தும்படி கேட்டு நிற்கும் அந்தப் பயோஸை நூற்றுக்கணக்கான கணுக்களில் தொலைவிலிருந்து மேலாண்மை செய்ய முடியாது என்பதே அப்பணியின் தூண்டுதல். அக்கராயன் ஐயா திரையையும் விசைப்பலகையையும் தூக்கிக்கொண்டு திரிவதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. 2008இல் அச்செயற்றிட்டம் கோர்பூட் என்று பெயர் மாறியது. கோர்பூட் நினைவகத்தையும் சிப்செற்றையும் விழிக்கச் செய்வதோடு நின்றுகொண்டு, மற்ற வேலையைப் பேலோட் எனப்படும் இன்னொரு நிரலிடம் கையளிக்கும். அந்தப் பேலோட், பயோஸின் வேலையைச் செய்யும் சீபயோஸாக, பூட் நிரலான கிரப்பாக அல்லது ஒரு முழு லினக்ஸ் கேர்னலாக இருக்கலாம். கேர்னலையே பேலோடாக வைக்கும் வழிதான் லினக்ஸ்பூட். 2018 தையில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதனைத் தன் செயற்றிட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதில் கோ மொழியில் எழுதப்பட்ட யூ-ரூட் கருவிகள் டிஎச்சிபி கேட்டு, உண்மையான கேர்னலைப் பதிவிறக்கி, கேஎக்ஸெக் அழைப்பினால் அதற்குள் தாவும். வலையமைப்பு அட்டைக்கு லினக்ஸின் சொந்த இயக்கியே பயன்படுகிறது. மீள முயல்வது எப்படி, எத்தனை தடவை என்பதை நீங்களே நிரலாக எழுதலாம்.

ஆயினும் உங்கள் கூடத்துக்கு லினக்ஸ்பூட் தேவையில்லை என்பதே என் எண்ணம். சான்றிதழைச் சரிபார்த்துக் கேர்னலைப் பெறவேண்டிய பெரிய தரவு மையத்துக்கு அது பொருந்தும். பழைய அலுவலக மதர்போட்டுகளின் ஃபிளாஷ் சிப் பெரும்பாலும் 8 மெகாபைற்றுத்தான். அதில் ஒரு பகுதியை இன்ரெலின் மேலாண்மைப் பொறிக்கான நிரல் பிடித்துக்கொள்ள, மிச்சத்தில் கேர்னலையும் கருவிகளையும் நெருக்கி அடைப்பதற்குள் பொறுமை போய்விடும். கோர்பூட், அதன்மேல் சீபயோஸ், அதனுள் வலையமைப்பு ரொமாக ஐபிஎக்ஸ்இ என்ற அடுக்கு சிறியது, எளியது. கோர்பூட்டைக் கட்டும்போதே ஐபிஎக்ஸ்இயையும் நீங்கள் எழுதிய கட்டளைக் கோப்பையும் உட்பொதிப்பதற்கு அதன் அமைப்புப் பட்டியலில் இடமுண்டு. முகவரி கேட்பது, கிடைக்காவிட்டால் பத்து வினாடி உறங்கி மீண்டும் கேட்பது, கிடைத்தால் எச்ரீரீபி முகவரிக்குச் செல்வது, அது தவறினால் மீண்டும் தொடக்கத்துக்கே வருவது என்று அந்தக் கட்டளைக் கோப்பு நாலைந்து வரிகளில் முடிந்துவிடும்.

எந்த மதர்போட் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 2011, 2012 காலத்து இன்ரெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கணினிகள் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றின் நினைவகத்தைத் தொடக்கும் வேலையைக் கோர்பூட் தன் சொந்த நிரலாலேயே செய்கிறது. எச்பி கொம்பாக் 8200 எலைட், டெல் ஒப்ரிபிளெக்ஸ் 9010 ஆகியவற்றின் சிறிய பெட்டி மாதிரிகள் ஆதரவுப் பட்டியலில் உள்ளன. நான்காம் தலைமுறையிலிருந்து பூட் கார்ட் என்ற பூட்டு வருகிறது. தயாரிப்பாளர் அதனைச் செயற்படுத்தித் தன் சாவியைச் சிப்செற்றில் நிரந்தரமாகப் பதித்துவிட்டிருந்தால், வேறு நிலைப்பொருளை எழுதினாலும் கணினி அதனை ஏற்காது. முதலில் உங்கள் பதினாறையும் மாதிரி இலக்கப்படி பிரித்துப் பாருங்கள்.

---

முறிகண்டி எழுதியது:

எல்லாரும் நிலைப்பொருளிலேயே நிற்கிறீர்கள். மின்சாரம் திரும்பிய கணத்தில் 16 மின்வழங்கிகளும் ஒன்றாக இழுப்பது, அதுவும் மின்னழுத்தம் இன்னும் தளம்பிக்கொண்டிருக்கும் வேளையில், நல்லதல்ல. பயோஸில் மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்ற தெரிவை "அணைந்தே இரு" என்று மாற்றுங்கள். தலைமைக் கணினி முழுமையாக எழும்பிச் சேவைகள் தயாரானபின், ஐந்து வினாடிக்கு ஒன்றாக அணைந்த கணினியை வலையமைப்பு வழியாக எழுப்பும் வேக்-ஒன்-லேன் பொதியை அனுப்பி அதுவே கணுக்களை எழுப்பட்டும். ஆறு பைற் முழுவதும் ஒன்றுகளும், அதன்பின் கணுவின் வலையமைப்பு அட்டைக்கே உரிய மாக் முகவரி 16 தடவையும் சேர்ந்த 102 பைற் அது. ஒரு சிறிய நிரலால் அனுப்பிவிடலாம். ஒரேயொரு எச்சரிக்கை: மின்சாரம் முற்றாக அறுந்து திரும்பியபின், ஒருமுறை இயங்குதளம் ஓடி அணைந்தாலன்றி எழுப்பற் பொதியைக் கேட்காத மதர்போட்டுகளும் உண்டு. ஒன்றின் வயரைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, மீண்டும் செருகிப் பொதியை அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

---

அக்கராயன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சுவிச்சின் அமைப்பைப் பார்த்தேன். ஸ்பானிங் ட்ரீ இயங்கிக்கொண்டுதான் இருந்தது. துளைகளை மாற்றி, சுவிச்சையும் யூபிஎஸ்ஸுக்குக் கொண்டுவந்த பின்னர், கணுக்களின் மின்சாரத்தை மட்டும் வேண்டுமென்றே நிறுத்தித் திருப்பிப் பார்த்தபோது இ51 எங்கும் வரவில்லை. தலைமைக் கணினியையும் சேர்த்து அணைத்தால் பழைய நிலைதான். எழுப்பற் பொதிக்கு எங்கள் கணுக்களில் 10 பணிகின்றன; மீதி ஆறும், முறிகண்டி அவர்கள் எச்சரித்தபடியே, வயரைப் பிடுங்கிச் செருகியபின் செவிடாகிவிடுகின்றன. அந்த ஆறும் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றின் மாதிரி கோர்பூட்டின் பட்டியலில் உள்ளது.

அப்படியானால் அந்த ஆறுக்கு மட்டும் கோர்பூட் எழுதலாமா? எழுதுவதில் எங்கே தவறு நேரும்? மாணவர்களின் முன்னிலையில் செய்யப்போவதால் முன்கூட்டியே அறிய விரும்புகிறேன்.

---

தண்ணீரூற்று எழுதியது:

அந்த ஆறையும் "மின்சாரம் வந்ததும் எழும்பு" என்றே விட்டுவிட்டு, ஐபிஎக்ஸ்இயை ஒரு பென்ட்ரைவில் எழுதி, மேலே சொன்ன விடாமுயற்சிக் கட்டளைக் கோப்புடன், பெட்டியின் பின்புறம் செருகி அதையே முதற் பூட் சாதனமாக வையுங்கள். வலையமைப்பு வழியாகக் கொடுக்கும்போது அட்டையின் சொந்த ரொமைச் சார்ந்த சிறிய ஐபிஎக்ஸ்இ போதும். பென்ட்ரைவிலிருந்து வரும்போது அந்த ரொம் நினைவகத்தில் இராது என்பதால் இயக்கிகள் அனைத்தும் அடங்கிய பதிப்பைக் கட்ட வேண்டும். கூடத்தின் வேலைக்கு இதுவே போதுமானது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கோர்பூட் எழுதுவது மாணவர்கள் கற்பதற்காக என்றால், மகிழ்ச்சியோடு செய்யுங்கள்; அதற்கு ஒரு கணுவை மட்டும் ஒதுக்குங்கள். அதற்கும் முன்னர் கியூஇமு என்ற மெய்நிகர்க் கணினியில் கோர்பூட்டைக் கட்டி ஓடவிட்டால், ஒரு திருகாணியையும் கழற்றாமல் முழு வரிசையையும் காட்டிவிடலாம்.

உண்மையான சிப்பில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை எனக்குத் தெரிந்தவரை இவை. மின்வயரைக் கழற்றி, ஆற்றற் பொத்தானை அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னையும் வடியவிட்டபின், நிலைப்பொருள் இருக்கும் எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பின்மேல், எழுதும் கருவியின் கவ்வியைப் பொருத்துங்கள். முதலாம் காலைக் காட்டும் சிறு குழி சிப்பின் ஒரு மூலையில் இருக்கும். தூசி படிந்த மதர்போட்டில் அது கண்ணில் படாது, தூரிகையால் துடைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். கவ்வியின் பல் ஒன்று வழுகி நின்றாலும் வாசிப்புத் தவறிவிடும். மலிவு விலையில் கிடைக்கும் சிஎச்341ஏ என்ற சிப் எழுதும் கருவியின் கறுப்பு நிற வகை 3.3 வோல்ற் சிப்பின் தரவுக் கால்களுக்கு 5 வோல்ற்றைக் கொடுக்கும் வழக்கமுடையது. ராஸ்பெரி பை இருந்தால் அதனையே பயன்படுத்துங்கள். அதன் கால்கள் 3.3 வோல்ற்றுக்கு உரியவை. வயர்கள் குறுகியவையாக இருக்கட்டும். ஃபிளாஷ்ரொம் என்ற மென்பொருளைக் கொண்டு பழைய நிலைப்பொருளை இருமுறை வாசித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றே என்பது உறுதியான பின்னரே எழுதத் தொடங்குங்கள். அந்தப் பழைய பிரதி கையில் இருக்கும்வரை மதர்போட் செத்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. அதே கவ்வியால் பழையதைத் திருப்பி எழுதலாம்.

கொத்தணி வைத்திருப்பவர்களை மட்டும் பிடிக்கும் ஒரு பொறியும் உண்டு. இந்தத் தலைமுறை மதர்போட்டுகளில் உள்ளமைந்த இன்ரெல் வலையமைப்பின் மாக் முகவரி, அதே ஃபிளாஷ் சிப்பில் ஜிபிஇ என்ற தனிப் பகுதியில் இருக்கிறது. ஒரு கணுவிலிருந்து எடுத்த முழு 8 மெகாபைற் பிரதியை மற்றவற்றிலும் அப்படியே எழுதினால் எல்லாக் கணுக்களும் ஒரே மாக் முகவரியுடன் எழும்பும். டிஎச்சிபி அனைத்துக்கும் ஒரே ஐபி முகவரியைக் கொடுக்கும். கணுக்கள் மாறிமாறித் தோன்றி மறைவதற்கான காரணத்தைச் சுவிச்சிலும் கேபிளிலும் தேடி நாட்கள் போய்விடும். ஃபிளாஷ்ரொமுக்குப் பயோஸ் பகுதியை மட்டும் எழுதும்படி சொல்லுங்கள். மற்றப் பகுதிகள் அந்தந்தக் கணுவுக்கு உரியவையாகவே இருக்கட்டும்.

---

செட்டிகுளம் எழுதியது:

இரண்டு சேர்க்கைகள். எச்ரீரீபிச் சேவையகம் ஒவ்வொரு கணுவின் மாக் முகவரிக்கும் தனித்தனிக் கட்டளைக் கோப்பைக் கொடுக்கும்படி வைத்தால், ஒன்றுக்கு உறக்கம் இல்லை, அடுத்ததற்கு மூன்று வினாடி, அதற்கடுத்ததற்கு ஆறு என்று பதிவிறக்கங்களை இடைவெளிவிட்டுத் தொடக்கலாம். எழுப்பற் பொதிக்குச் செவிசாய்க்காத கணுக்களுக்கும் இந்த வரிசை கிடைக்கும்.

மற்றது, பிஎக்ஸ்இயில் பதில் தருபவர் யார் என்பதைக் கணு சரிபார்ப்பதில்லை. கூடத்தில் எவராவது வீட்டு வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதே சுவிச்சில் செருகினால், அதன் டிஎச்சிபி உங்கள் கணுக்களுக்கு முகவரியைக் கொடுக்கக்கூடும், பூட் கோப்பைக் கொடுக்காது. ஐபிஎக்ஸ்இ விடாமல் முயன்றாலும் அதே தவறான பதிலையே மீண்டும் மீண்டும் பெறக்கூடும். தலைமைக் கணினியில் இரண்டாவது ஈதர்நெற் அட்டை ஒன்றைப் போட்டு, கொத்தணியின் சுவிச்சைக் கூடத்தின் மற்ற வலையமைப்பிலிருந்து பிரித்துவிடுங்கள்.